எழுத்துக் கருவிகளும் குடிமராமத்தும்

தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏரியைக் காப்பதற்குப் பன்னெடுங்காலமாக ஒரு முறை இருந்துவந்தது. ஏரி நீரைக் கொண்டு பயிர்செய்வோர் எவரோ அவர்களே கோடையில் மண்வெட்டியும் கூடையுமாக வந்து, கரையின் பழுதைச் சீர்செய்து, வரத்துக்காலைத் தூர்வாரி, மதகைச் செப்பனிட்டுத் தருவார்கள். இதற்குக் குடிமராமத்து என்று பெயர். சென்னை மாகாணத்தில் 1858-ஆம் ஆண்டிலேயே இவ்வழக்கத்திற்குச் சட்டத்தின் துணை தரப்பட்டது. தமிழ்நாட்டு அரசு 2017-ஆம் ஆண்டில் இதே பெயரில் ஏரிகளைச் செப்பனிடும் திட்டமொன்றைத் தொடங்கியது. ஏரியை எவரும் விலைகொடுத்து வாங்கியதில்லை; ஆயினும் அதற்குச் செலவு உண்டு என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். அதனை மறந்த ஊர்களில் ஏரி தூர்ந்து மேடாயிற்று.

இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் ஏரியைப் பற்றியது அன்று. கணினியிலும் கைப்பேசியிலும் தமிழ் எழுத உதவும் சிறு கருவிகளைப் பற்றியது. விசைப்பலகையில் தட்டுவதைத் தமிழ் எழுத்தாக்கும் மென்பொருள், பழைய எழுத்துருவில் இருப்பதைப் புதிய முறைக்கு மாற்றும் இணையப் பக்கம், ஒற்று மிகுமா மிகாதா என்று சுட்டிக்காட்டும் திருத்தி முதலானவை அவை. இவற்றுள் பலவற்றைத் தனி ஒருவரோ, இரண்டு மூன்று பேர் கொண்ட குழுவோ தம் ஓய்வு நேரத்தில் ஆக்கி நமக்கு இலவசமாக வழங்கியிருக்கிறார்கள். நாமும் நாள்தோறும் பயன்படுத்துகிறோம். இத்தகைய கருவிக்கு நாம் பணம் தரவேண்டுமா? தருவதாயின் எதன் பொருட்டு, எம்முறையில் தருதல் நன்று? தமிழ்நாட்டிற்கு வெளியே வாழும் நம்மைப் போன்றோர்க்கு இவ்வினா ஏன் மிகுதியும் உரியது? இவற்றை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

முதற்கண் இக்கருவிகள் எவ்வாறு தோன்றின என்பதைக் காண்போம். கணினியின் விசைப்பலகை ஆங்கிலத்தின் 26 எழுத்துகளைக் கருதி அமைந்தது. தமிழிலோ உயிரும் மெய்யும் உயிர்மெய்யும் ஆய்தமுமாக 247 எழுத்துகள். இவற்றை அச்சிறு பலகையில் அடக்குவதற்கு வழி காண வேண்டியிருந்தது. 1985-ஆம் ஆண்டில் மலேசியாவில் முத்து நெடுமாறன் தொடங்கிய முரசு மென்பொருள் இத்துறையில் முன்னோடி முயற்சிகளுள் ஒன்று. அவர் வடித்த இணைமதி என்னும் எழுத்துரு பின்னர் ஆப்பிள் கணினிகளிலேயே இடம்பெற்றது. 1999-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டை ஒட்டி, தமிழ் 99 என்னும் விசைப்பலகை அமைப்பு அரசின் ஏற்பைப் பெற்றது. 2000-ஆம் ஆண்டில் விசுவநாதன் என்பவர் அழகி என்னும் மென்பொருளை வெளியிட்டார். ஆங்கில விசைகளை ஒலிக்கு ஏற்பத் தட்டினால் திரையில் தமிழ் தோன்றும் வசதியை அது எளியோர்க்கும் கொண்டுசேர்த்தது. முகுந்தராஜ் முதலிய தன்னார்வலர்கள் எ-கலப்பையை உருவாக்கினர். நியூ ஹொரைசன் மீடியா என்னும் பதிப்பு நிறுவனம் என்.எச்.எம். ரைட்டர் என்னும் கருவியை இலவசமாக வழங்கியது.

நாம் வாழும் பெங்களூருக்கும் இவ்வரலாற்றில் பங்கு உண்டு. 1998-ஆம் ஆண்டில் சேஷாத்ரிவாசு சந்திரசேகரன் என்பவர் பரஹ என்னும் கன்னட எழுத்து மென்பொருளை வெளியிட்டார். பரஹ என்றால் எழுத்து என்று பொருள். கன்னடத்தில் எழுதுதலைக் குறிக்கும் ‘பரெ’ என்னும் வினை, நம்முடைய ‘வரை’ என்னும் சொல்லுக்கு உடன்பிறப்பு. தமிழ் உள்ளிட்ட பிற இந்திய மொழிகளுக்கும் அக்கருவி பின்னர் விரிந்தது. தொடக்கத்தில் அது இலவசமாகக் கிடைத்தது; பிற்காலத்தில் உரிமக் கட்டணம் பெற்று வழங்கும் முறைக்கு மாறியது. மற்றொரு புறத்தில், கர்நாடக அரசின் ஆதரவோடு கன்னட கணக பரிஷத்து உருவாக்கிய நுடி என்னும் மென்பொருள் இலவசமாக வழங்கப்பட்டது. மேலும், 2006-ஆம் ஆண்டில் ராம் பிரகாஷ் அனுமந்தப்பா நிறுவிய டாகியான் என்னும் சிறு நிறுவனம், குயில்பேட் என்ற இணைய எழுத்துக் கருவியை இந்நகரிலிருந்தே வெளியிட்டது. இன்ன எழுத்துக்கு இன்ன விசை என்று விதிகளை மனப்பாடம் செய்யவேண்டிய தேவை அதில் இல்லை. மக்கள் இயல்பாக ஆங்கில எழுத்தில் எழுதும் வகையிலிருந்தே அச்சொல்லை ஊகித்து இந்திய மொழியில் தந்தது. பின்னாளில் பெரு நிறுவனங்கள் நமக்குப் பழக்கப்படுத்திய வசதி இதுவே.

ஆக, ஒரே நகரத்தில் மூன்று வழிகள் தெரிகின்றன. அரசின் துணையால் நடப்பது ஒன்று. பயன்படுத்துவோர் தரும் கட்டணத்தால் நடப்பது மற்றொன்று. சிறு நிறுவனமொன்றின் முதலீட்டாலும் ஊக்கத்தாலும் நடப்பது மூன்றாவது. எந்த வழியாயினும் செலவு என்பது உண்டு. அதனை ஏற்பவர் யார் என்பதில்தான் வேற்றுமை.

செலவு எங்கிருந்து வருகிறது என்று நேயர்கள் கேட்கலாம். நாற்காலி ஒன்றைச் செய்து விற்ற தச்சருக்கு அதனோடு வேலை முடிந்தது. மென்பொருள் அத்தகையது அன்று. அது கணினியின் இயங்குதளம் என்னும் அடித்தளத்தின்மேல் நிற்கிறது. மைக்ரோசாப்டு, ஆப்பிள், கூகிள் ஆகியோர் அவ்வடித்தளத்தை அடிக்கடி மாற்றிக்கொண்டேயிருக்கிறார்கள். ஒவ்வொரு மாற்றத்தின்போதும் அதன்மேல் நிற்கும் சிறு கருவி சற்றே சாய்கிறது. நேற்றுவரை ஒழுங்காக விழுந்த ‘கொ’ என்னும் எழுத்தின் கொம்பு இன்று தனியே விலகி நிற்கும். அதனை ஒருவர் உட்கார்ந்து சரிசெய்தல் வேண்டும்.

இதற்குக் காலம் வேண்டும், பணமும் வேண்டும். இணைய முகவரிக்கு ஆண்டுதோறும் கட்டணம் உண்டு. கருவி இயங்கும் சர்வருக்கு வாடகை உண்டு. ஆப்பிள் கைப்பேசிக்குச் செயலி வெளியிட விரும்புபவர் ஆண்டுதோறும் 99 டாலர் செலுத்துதல் வேண்டும். கூகிளின் செயலிக் கடைக்கு ஒருமுறை 25 டாலர் செலுத்துதல் வேண்டும். விண்டோஸ் கணினியில் ஒரு மென்பொருளை நிறுவும்போது ‘இதனை வெளியிட்டவர் யாரென்று தெரியவில்லை’ என்னும் பொருள்பட எச்சரிக்கை தோன்றாதிருக்க, விலைகொடுத்து ஒரு சான்றிதழ் பெறவேண்டியிருக்கிறது. இத்தனையும் ஒருவருடைய குடும்பச் சம்பளத்திலிருந்து போகிறது என்பதைப் பயன்படுத்துவோரிற் பெரும்பாலோர் எண்ணுவதில்லை.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்று நம்மிடையே ஒரு பழமொழி உண்டு. பல்லைப் பார்க்க வேண்டாம்; மெய்தான். ஆனால் தானமாக வந்த மாடும் தீனி தின்னும். கொடுத்தவரே நாள்தோறும் வைக்கோலையும் சுமந்துவந்து போடவேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பது முறையாகுமா?

இனி, இக்கருவிகள் இல்லாதொழிந்தால் நாம் இழப்பது யாது? எழுதும் வசதி மட்டும் என்று எண்ணுதல் போதாது. முன்னே எழுதிவைத்தவற்றையும் இழக்க நேரும். இதனைச் சற்று விளக்குவோம்.

கணினி எழுத்தை எழுத்தாக அறியாது; எண்ணாக மட்டுமே அறியும். 1990-களில் தமிழுக்கென்று எல்லோரும் ஒப்புக்கொண்ட எண்வரிசை நடைமுறைக்கு வரவில்லை. ஆங்கில எழுத்துகளுக்கு உரிய எண்களின்மேலேயே ஒவ்வோர் எழுத்துருக்காரரும் தத்தம் விருப்பப்படி தமிழ் வடிவங்களை ஏற்றினார்கள். ஓர் எழுத்துருவில் ‘க’ இருந்த இடத்தில் மற்றோர் எழுத்துருவில் ‘ம’ இருக்கலாம். பாமினி முதலிய எழுத்துருக்களில் எழுதிய கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், பொருளற்ற ஆங்கில எழுத்துகளின் குவியலே தோன்றும். யூனிகோடு என்னும் உலகப் பொது எண்வரிசையில் தமிழ் 1991-ஆம் ஆண்டிலேயே இடம்பெற்றது. ஆயினும் அது வீடுகளிலும் அலுவலகங்களிலும் பரவலாக வழங்கப் பல ஆண்டுகள் ஆயின. தமிழ்நாட்டு அரசு யூனிகோடை ஏற்று ஆணை பிறப்பித்தது 2010-ஆம் ஆண்டில். இதற்கு இடைப்பட்ட காலத்தில் எழுதப்பட்ட கடிதங்களும் கதைகளும் சங்க மலர்களும் எண்ணற்றவை.

மொழிபெயர்ப்புப் பணியில் இருப்பவன் என்னும் முறையில் நான் கண்ட ஒன்றை இங்கே கூறுதல் பொருந்தும். என் பணியின் தொடக்க ஆண்டுகளில், ஓய்வுபெற்ற மூத்த மொழிபெயர்ப்பாளர் ஒருவர் தாம் பல்லாண்டு உழைத்துத் தொகுத்த அலுவலகச் சொற்பட்டியல் ஒன்றை எனக்குத் தந்தார். ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லுக்கும் நேரான தமிழ்ச் சொல்லும், அது எந்தச் சூழலில் பொருந்தும் என்னும் குறிப்பும் அதில் இருந்தன. தந்தவருக்கோ பார்வை குன்றிவிட்டது. கையெழுத்துப் படியும் இல்லை. கோப்பைத் திறந்தபோது தமிழில் ஓர் எழுத்தும் தெரியவில்லை. அவர் எழுதிய காலத்து எழுத்துரு, பழுதுபட்ட கணினியோடு போய்விட்டது. தனி ஒருவர் ஆக்கி இணையத்தில் வைத்திருந்த எழுத்துமாற்றி ஒன்றினால்தான் அச்சொற்பட்டியல் மீண்டும் தமிழாயிற்று. பக்கம் பக்கமாக எடுத்து அதில் இட்டு மாற்றி முடிக்க எனக்கு ஒன்பது நாள் மாலைப்பொழுதுகள் ஆயின. ஒருவருடைய வாழ்நாள் உழைப்பு, முகம் அறியாத மற்றொருவரின் ஓய்வு நேர உழைப்பால் மீட்கப்பட்டது. அந்த மற்றொருவர் ‘இனி இயலாது’ என்று அப்பக்கத்தை மூடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்று நினைத்துப் பார்த்தேன். அந்த நினைப்பே இவ்வுரைக்கு வித்து.

இங்கே சிலர் ஒரு தடை எழுப்புவர். ‘பெரு நிறுவனங்கள் இத்தனையும் இலவசமாகவே தருகின்றனவே! சிறு கருவிக்கு எதற்குக் காசு?’ என்பது அத்தடை. நியாயமான கேள்விதான். விண்டோஸ் கணினியில் நிறுவிக்கொண்டு, இணையத் தொடர்பு இல்லாதபோதும் தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் எழுத உதவிய இலவசக் கருவி ஒன்றைக் கூகிள் வழங்கிவந்தது. பல்லாயிரம் பேர் அதனையே நம்பியிருந்தனர். 2018-ஆம் ஆண்டில் அந்நிறுவனம் அதனைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. விலைகொடுக்காதவர் முறையிடுவதற்கு இடமில்லை அன்றோ? பெரு நிறுவனத்திற்கு நம் மொழி நூற்றுக்கணக்கான பண்டங்களுள் ஒன்று. கணக்குப் பார்க்கும் நாளில் அது எந்தப் பட்டியலில் சேரும் என்பது நம் கையில் இல்லை. சிறு கருவியை ஆக்கியவருக்கோ அதுவே தலைப்பிள்ளை. நாம் தரும் சந்தாவே அதன் உயிர்நாடி. நம்முடைய சொல்லுக்கு அங்கே மதிப்பு உண்டு.

‘தமிழுக்குத் தொண்டு செய்பவர் காசு கேட்கலாமா?’ என்று கேட்போரும் உளர். அவர்கள் உ. வே. சாமிநாதையரின் வரலாற்றை நினைவுகூர்தல் நன்று. 1887-ஆம் ஆண்டில் வெளிவந்த சீவக சிந்தாமணியை அவர் அச்சிட முனைந்தபோது, நூல் வெளிவருமுன்னரே அதனை வாங்கிக்கொள்ள இசைந்து பலர் கையொப்பம் இட்டனர், முன்பணமும் தந்தனர். நூல் முழுமையாக வெளிவருமா, எப்போது வரும் என்று உறுதி கூற இயலாத நிலையில் இடப்பட்ட கையொப்பங்கள் அவை. அன்றைய தமிழ்ப் பதிப்புகள் பலவும் இவ்வாறே உலகைக் கண்டன. அக்கையொப்பக்காரர்களால் ஐயரவர்களின் தொண்டு தொண்டு அல்லாமற் போய்விட்டதா? காகிதத்திற்கும் அச்சுக்கூலிக்கும் அவர்கள் தோள்கொடுத்தனர்; ஏட்டுச்சுவடியோடு போராட அவருக்கு நேரம் கிடைத்தது. இன்று கருவி மாறியிருக்கிறது. கையொப்பக்காரரின் கடமை மாறவில்லை.

‘அரசாங்கம் செய்யட்டுமே’ என்பது மூன்றாவது தடை. அரசாங்கம் வாளாவிருக்கவில்லை. 2005-ஆம் ஆண்டில் மத்திய அரசு தமிழ் எழுத்துருக்களையும் மென்பொருள்களையும் குறுவட்டாகத் தொகுத்து இலவசமாக வழங்கியது. தரங்களை வகுத்தல், ஆராய்ச்சிக்கு நிதியளித்தல், பள்ளிகளில் பரப்புதல் ஆகியவை அரசாங்கத்தால் நன்கு இயலும். ஆனால் ஒற்றுப்பிழை திருத்தி ஒரு சொல்லைத் தவறாகச் சுட்டுகிறது என்று இரவில் எழுதினால், காலையில் அதனைத் திருத்தி ‘பார்த்துச் சொல்லுங்கள்’ என்று மறுமொழி தருவது சிறு கருவியின் ஆசிரியர் ஒருவரால் மட்டுமே இயலும். அரசும் வேண்டும், தனியாரின் ஆர்வமும் வேண்டும்.

தமிழில் இத்தகைய ஆர்வத்திற்குச் சான்றுகள் பல. நீச்சல்காரன் என்னும் பெயரால் அறியப்படுபவர் ஒற்றுப்பிழைகளைச் சுட்டும் நாவி என்னும் கருவியையும், எழுத்துப்பிழைகளைச் சுட்டும் வாணி என்னும் கருவியையும் ஆக்கி இணையத்தில் வைத்தார். மொழியியல் பேராசிரியர் தெய்வசுந்தரம் அவர்களின் முயற்சியில் உருவான மென்தமிழ் என்னும் சொல்லாளர் மென்பொருள் விலைக்கு வெளிவந்தது. இரண்டு வழிகளும் ஏற்புடையனவே. ஒருவர் இலவசமாகத் தரலாம். ஒருவர் விலை குறிக்கலாம். இலவசமாகத் தருபவருக்கு நாமாக விரும்பித் தருவதும், விலை குறித்தவரிடம் கள்ளப்படி எடுக்காது முறையாக வாங்குவதும் நம் கடமை.

வெளியுலகிலும் இவ்வாறே நடக்கிறது. இங்கிலாந்தைச் சேர்ந்த கீத் பிளவுண்ட் என்பவர் நாவல் எழுத விரும்பினார். தமக்கு ஏற்ற எழுத்து மென்பொருள் கிடைக்காமையால் நிரல் எழுதத் தாமே கற்று, ஸ்கிரிவெனர் என்னும் கருவியை ஆக்கி 2007-ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொணர்ந்தார். வாங்கிய எழுத்தாளர்களே அதனை இன்றளவும் தாங்கி வருகின்றனர். அமெரிக்காவில் பஸ்டர் பென்சன் என்பவர், நாள்தோறும் 750 சொற்கள் எழுதிப் பழகுவதற்கென்றே ஓர் இணையத்தளத்தை அமைத்தார். சில ஆண்டுகள் இலவசமாக நடத்தியபின், புதிதாகச் சேர்வோரிடம் மாதம் 5 டாலர் பெறலானார்.

மறுதலையாக, ஆதரவு இன்மையால் நேரும் கேட்டுக்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. இணையத்தில் வங்கிக் கணக்கு முதல் கடவுச்சொல் வரை பாதுகாக்கும் ஓபன் எஸ்.எஸ்.எல். என்னும் திறந்த மென்பொருளை உலகமே பயன்படுத்தியது. 2014-ஆம் ஆண்டில் அதில் பெரும் ஓட்டை ஒன்று வெளிப்பட்டபோதுதான், அதற்கு ஆண்டுதோறும் வந்த நன்கொடை ஏறத்தாழ 2,000 டாலர் மட்டுமே என்பதை உலகம் அறிந்தது. மூல நிரலை எவரும் காணலாம் என்பதனால், அதனைக் காப்பவருக்குப் பசி இல்லை என்றாகிவிடாது.

இனி நமக்கு உரிய பகுதிக்கு வருவோம். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி கர்நாடகத்தில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் 21 லட்சத்துக்கு மேற்பட்டோர். அல்சூரிலும், சிவாஜி நகரிலும், இன்னும் பல பேட்டைகளிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்வோர் அவர்களுள் பலர். நம் குழந்தைகள் பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் கற்கின்றனர். வாழும் மண்ணின் மொழியைக் கற்பது நன்றே. ஆனால் தமிழ் அவர்களுக்குப் பெரும்பாலும் வாய்மொழியாகவே நின்றுவிடுகிறது. தமிழ்நாட்டில் வாழும் குழந்தைக்குப் பேருந்துப் பலகையும், சுவரொட்டியும், கடைப் பெயரும் தமிழெழுத்தை நாள்தோறும் நினைவூட்டிக்கொண்டிருக்கும். இங்கே அத்துணை இல்லை. ஊரிலுள்ள பாட்டிக்குத் தமிழில் நான்கு வரி எழுத வேண்டும் என்று பெயர்த்தி விரும்பினால், அவள் கையிலுள்ள ஏட்டுப்பலகை கைப்பேசியே. எழுத்தாணி இச்சிறு கருவியே. தமிழ்நாட்டில் ஒரு கருவி நின்றுபோனால் அது வசதிக் குறைவு. வெளிமாநிலத்திலோ, எழுத்தோடு ஒரு குடும்பம் கொண்ட தொடர்பே அற்றுப்போகலாம். ஆகவே, இவ்வேரியின் நீரை மிகுதியும் நம்பியிருப்பவர் கடைமடைக்காரர்களாகிய நாமே. கடைமடைக்காரனுக்குத்தான் வாய்க்கால் தூர்வாருவதில் கவலை மிகுதி.

ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். இந்த 21 லட்சம் பேரில் ஆயிரத்துக்கு ஒருவர் என்று கொண்டால் 2,100 பேர். ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 200 ரூபாய் தந்தால் 4,20,000 ரூபாய் சேரும். ஒரு சிறு கருவியின் சர்வர் வாடகையும் சான்றிதழ்க் கட்டணமும் போக, அதனை ஆக்கியவர் சில மாதங்களேனும் வேறு கவலையின்றி அதற்கே உழைக்க இத்தொகை உதவும். 200 ரூபாய் என்பது இந்நகரத்து உணவு விடுதியில் இருவர் சிற்றுண்டி உண்டு காபி அருந்தும் செலவு. சிறுதுளி பெருவெள்ளம் என்பதற்கு இதனினும் எளிய கணக்கு வேண்டுவதில்லை.

எவ்வாறு தருவது என்பதையும் கூறிவிடுகிறேன். தரும் முறை மூன்று. உரிமக் கட்டணம் என்பது விலை. ஒருமுறை தந்து பயன்படுத்தும் உரிமையைப் பெறுகிறோம். சந்தா என்பது மாதந்தோறும் அல்லது ஆண்டுதோறும் தருவது. நன்கொடை என்பது கைம்மாறு கருதாது தருவது. தனி ஒருவருக்குத் தரும் நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை இல்லை என்பதை அறிந்தே தருதல் வேண்டும்.

இந்தியாவில் உள்ளவருக்கு அனுப்புவது, 2016-ஆம் ஆண்டில் யு.பி.ஐ. முறை வந்தபின் மிக எளிதாகிவிட்டது. வெளிநாட்டுக் கருவிக்கு அட்டை வாயிலாகச் சந்தா கட்டுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரிசர்வ் வங்கியின் விதிகள் 2021-ஆம் ஆண்டு அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது, தானாகக் கழியும் சந்தாக்கள் பல நின்றுபோயின. தமது சந்தா இன்னும் செல்கிறதா என்று ஆண்டுக்கொருமுறை சரிபார்ப்பது நலம். இயலுமாயின் ஓராண்டுச் சந்தாவை ஒரே தவணையில் கட்டிவிடலாம்.

எந்தக் கருவிக்குத் தருவது என்று தெரிவு செய்வதற்குச் சில வினாக்கள் உதவும். இதனை நடத்துபவர் யார் என்பது வெளிப்படையாகத் தெரிகிறதா? நான் எழுதியதை எளிய வடிவில் வெளியே எடுத்துக்கொள்ள முடியுமா? நான் எழுதுவது எங்கே சேமிக்கப்படுகிறது, யார் படிக்கக்கூடும்? கடந்த ஓராண்டில் ஒரு முறையேனும் இக்கருவி திருத்தம் பெற்றிருக்கிறதா? இவற்றிற்கு நிறைவான விடை கிடைத்தால் தயங்காமல் தரலாம். அரசு அலுவலகங்களில் பணியாற்றும் நேயர்களுக்குத் தனியாக ஒரு சொல்: அலுவலகத்தின் மறைபொருள் ஆவணங்களை எந்த வெளி இணையக் கருவியிலும் இடுதல் கூடாது. சொந்தக் கடிதத்திற்கும் கட்டுரைக்குமே அவை உரியவை.

பணம் தர இயலாதோரும் செய்யக்கூடிய உதவி உண்டு. குடிமராமத்தில் கூலி தர இயலாதவர் உடலுழைப்பைத் தந்தனர் அல்லரோ? அவ்வாறே, கருவியில் காணும் பிழையை எந்தக் கணினியில், எந்தச் சொல்லைத் தட்டியபோது நேர்ந்தது என்று தெளிவாக எழுதி அனுப்புவதும் உழைப்பே. பயன்படுத்தும் முறையை அண்டை வீட்டுக் குழந்தைக்குக் கற்றுக்கொடுப்பதும் உழைப்பே. ‘தங்கள் கருவியால் பயன் பெற்றேன், நன்றி’ என்று இரண்டு வரி எழுதுவதையும் சிறிதென்று எண்ணவேண்டாம். திட்டி எழுதும் கடிதங்களே மிகுதியாக வரும் மேசைக்கு அவ்விரண்டு வரி எத்துணை ஆறுதல் தரும் என்பதை, பிறருக்காக எழுதிக் கொடுப்பதைத் தொழிலாகக் கொண்ட என்னைப் போன்றோர் நன்கு அறிவோம்.

நம் தமிழ்ச் சங்கங்களும் இதில் முன்னிற்கலாம். பொங்கல் விழாவிற்கும் ஆண்டு மலருக்கும் செலவிடும் தொகையில் நூற்றில் ஒரு பங்கை, அம்மலரை அச்சிட உதவிய எழுத்துருவிற்கோ திருத்திக்கோ அளிப்பது என்று ஒரு தீர்மானம் போதும். மலரின் நன்றியுரைப் பக்கத்தில் அச்சகத்தாரின் பெயருக்கு அருகே அக்கருவியின் பெயரும் இடம்பெற்றால், படிப்போர்க்கும் அது ஒரு நினைவூட்டலாகும்.

நேயர்களே, நீங்கள் நாள்தோறும் தமிழ் எழுதும் கருவியின் பெயர் உங்களுக்குத் தெரியுமா? அதனை ஆக்கியவர் யார், எந்த ஊரில் இருக்கிறார் என்று என்றேனும் பார்த்ததுண்டா? இன்று மாலையே அதனைப் பாருங்கள். ஆதரவு தருக என்று ஒரு மூலையில் சிறிய எழுத்தில் அவர் எழுதியிருக்கக்கூடும். இத்தனை நாளும் கண்ணில் படாத அச்சிறு வரியில்தான் நம் வாய்க்காலின் மதகு இருக்கிறது. ஆளுக்கு ஒரு கூடை மண் எடுத்தால் வாய்க்கால் தூராது.